கரையிலேயே உட்கார்ந்திருந்தேன்!

கத்திரி வெயில் எப்படி இருக்கும் என்று மதுரைக்காரர்களுக்கு யாரும் சொல்லித் தர வேண்டியதில்லை. காலையில் மாடியில் பிழிந்து வைத்த கூழ்வற்றல் சாயங்காலத்துக்குள் கலகலவென்று காய்ந்துவிடும். அந்த வெயிலால் எனக்குக் கிடைக்கும் லாபம் அது ஒன்றுதான். மற்றபடி, ராத்திரி ஃபேனைப் போட்டால் அனல், குழாயைத் திறந்தால் வெந்நீர், வாயைத் திறந்தால் வீட்டில் சண்டை!

2025 மே மாதம் அப்படி ஒரு சண்டைக்கு நடுவில்தான் என் கணவர், "எல்லாரும் ஒரு நாலு நாள் கொடைக்கானல் போய்ட்டு வருவோமா?" என்றார். பெரியவனுக்குக் கல்லூரி விடுமுறை. சின்னவளுக்குப் பள்ளிக்கூட விடுமுறை. எழுபத்திரண்டு வயதான என் மாமியார் எல்லோருக்கும் முன்பாக, "நானும் வரேன். ஸ்வெட்டரை எடுத்து வெயில்ல போடும்மா" என்று சொல்லிவிட்டார். வேண்டாம் என்று சொல்ல எனக்குக் காரணம் கிடைக்கவில்லை. காரணம் இருந்தது. ஆனால் அதை நான் இருபத்திரண்டு வருஷமாக வாய்விட்டுச் சொன்னதில்லை.

முன்பெல்லாம் பையைத் தூக்கிக்கொண்டு பஸ் ஏறினால் போதும். இந்தத் தடவை காரில் மலைக்குப் போக இ-பாஸ் எடுக்க வேண்டியிருந்தது. சென்னை உயர் நீதிமன்ற உத்தரவின்படி 2024 மே மாதம் 7-ஆம் தேதி முதல் ஊட்டிக்கும் கொடைக்கானலுக்கும் இந்த ஏற்பாடு வந்தது. 2025 ஏப்ரல் முதல் ஜூன் வரை கொடைக்கானலுக்கு வார நாட்களில் 4,000 வண்டிகள், வாரக் கடைசியில் 6,000 வண்டிகள் என்று கணக்கும் வைத்துவிட்டார்கள். பெரியவன் கைப்பேசியில் ஐந்து நிமிஷத்தில் பாஸ் வாங்கிவிட்டான். கூட்டத்தைத் தவிர்க்க வேண்டும் என்று திங்கட்கிழமையாகப் பார்த்துக் கிளம்பினோம்.

மலைப் பாதையில் வாந்தி எடுக்கும் பிள்ளைகள் இருக்கிற வீட்டில் இந்தப் பிரயாணமே ஒரு சோதனைதான். என் அனுபவத்தைச் சொல்கிறேன், சகோதரிகளே, உங்களுக்கும் உபயோகப்படும். வயிறு முட்டச் சாப்பிட வைக்காதீர்கள். வெறும் வயிறாகவும் கூட்டிப் போகாதீர்கள். கிளம்புவதற்கு ஒரு மணி நேரம் முன்பு இரண்டு இட்லி போதும். குமட்டல் உள்ளவரை முன் ஸீட்டில் உட்கார வையுங்கள். கைப்பேசியைப் பார்க்க விடாமல், தூரத்தில் தெரியும் மலையைப் பார்க்கச் சொல்லுங்கள். ஒரு சின்னத் துண்டு இஞ்சியை உப்புத் தொட்டு வாயில் அடக்கிக்கொண்டால் பெரும்பாலும் அடங்கிவிடும். வத்தலக்குண்டு தாண்டி மலை ஏற ஆரம்பித்ததும் நாங்கள் கண்ணாடியை இறக்கிவிட்டோம். வளைவுக்கு வளைவு காற்று குளிர்ந்துகொண்டே வந்தது. மாமியார் கையை வெளியே நீட்டி, "இது காத்தா, பன்னீரா?" என்றார்.

ஊருக்கு எட்டுக் கிலோ மீட்டர் முன்பாக வெள்ளி அருவி இருக்கிறது. 180 அடி உயரத்திலிருந்து விழுகிறது. கார் நின்றதும் பிள்ளைகள் இறங்கி ஓடினார்கள். "இது கொடைக்கானல் ஏரித் தண்ணிதான், தெரியுமா? ஏரி நிரம்பி வழிஞ்சு வர்றதுதான் இங்கே விழுது" என்று என் கணவர் விளக்கிக்கொண்டிருந்தார். நான் காரை விட்டு இறங்கவில்லை. "முழங்கால் வலிக்குது, நீங்க பார்த்துட்டு வாங்க" என்று சொல்லிவிட்டேன். மாமியார் மட்டும் என்னை ஒரு மாதிரி பார்த்துவிட்டுப் போனார்.

ஏரியிலிருந்து கூப்பிடு தூரத்தில், சமையல் வசதியுள்ள ஒரு சிறிய வீட்டை வாடகைக்கு எடுத்திருந்தோம். கொடைக்கானல் கடல் மட்டத்திலிருந்து சுமார் 7,000 அடி உயரம். அத்தனை உயரத்தில் காற்றின் அழுத்தம் குறைவு என்பதால், தண்ணீர் 100 டிகிரிக்குப் போகாமல் ஏறக்குறைய 93 டிகிரியிலேயே கொதித்துவிடும். பாத்திரத்தில் தளதளவென்று கொதிக்கும், ஆனால் அரிசி வேகாது! அதனால் குக்கரைக் கையோடு கொண்டு போயிருந்தேன். இன்னொன்றும் கவனித்தேன். குளிரில் தாகமே தெரிவதில்லை. ஆனால் உடம்புக்குத் தண்ணீர் வேண்டும். சின்ன பிளாஸ்டிக் தண்ணீர் பாட்டில்களை அங்கே அனுமதிப்பதில்லை என்பதால், ஆளுக்கொரு எவர்சில்வர் பாட்டிலில் வெதுவெதுப்பான நீர் ஊற்றிக் கொடுத்தேன். குளிர்கிறதே என்று வெயிலை அலட்சியம் செய்யவும் கூடாது. உயரத்தில் வெயில் சீக்கிரமே தோலைக் கறுக்க வைத்துவிடும். பிள்ளைகளுக்குத் தொப்பி அவசியம்.

ஏரியைப் பற்றிச் சொல்ல வேண்டாமா? அது இயற்கையாக உண்டான ஏரி அல்ல. மதுரையில் கலெக்டராக இருந்த வெர் ஹென்றி லெவிஞ்ச் என்ற ஆங்கிலேயர் முயற்சியால், 1863-ஆம் ஆண்டு ஓடைகளை மறித்துக் கரை கட்டி உண்டாக்கியது. சுமார் 60 ஏக்கர் பரப்பு. ஓடைகள் வந்து சேரும் பள்ளங்களிலெல்லாம் தண்ணீர் நுழைந்து நிற்பதால், மேலிருந்து பார்த்தால் நட்சத்திரம் மாதிரி கை கால் நீட்டிக்கொண்டிருக்கும். சுற்றிலும் சுமார் ஐந்து கிலோ மீட்டர் சாலை.

முதல் நாள் அந்தச் சாலையில்தான் பொழுது போயிற்று. பெரியவனும் சின்னவளும் வாடகைக்குச் சைக்கிள் எடுத்து ஒரு சுற்றுச் சுற்றினார்கள். என் கணவரும் நானும் நடந்தோம். வீட்டில் காலை முதல் ராத்திரி வரை நின்றுகொண்டே வேலை செய்கிறோம், அது நடையாகாது என்று எனக்கு டாக்டரம்மா பல தடவை சொல்லியிருக்கிறார். முதல் ஒரு கிலோ மீட்டர் மூச்சு வாங்கியது. உயரமான இடத்தில் அப்படித்தான் இருக்கும், முதல் நாள் அவசரப்படக் கூடாது. நின்று நின்று நடந்தோம். சுட்ட சோளம், மிளகாய் பஜ்ஜி, இலையோடு கட்டி விற்ற காரட், குதிரைச் சவாரிக்குக் கூப்பிடும் பையன்கள், திபெத்தியப் பெண்மணிகள் விற்கும் கம்பளித் தொப்பிகள்... பார்க்கப் பார்க்க அலுக்கவில்லை. சின்னவளுக்குச் சிவப்பில் ஒரு தொப்பி வாங்கினோம்.

ஐந்து கிலோ மீட்டரும் நடந்தேன். ஆனால் முழுக்க முழுக்கச் சாலையின் மறு ஓரமாகவே நடந்தேன். தண்ணீர்ப் பக்கம் ஒரு தடவைகூடப் போகவில்லை.

இனி அந்தக் காரணத்தைச் சொல்லிவிடுகிறேன்.

என் பிறந்த ஊர் சோழவந்தான் பக்கம் ஒரு கிராமம். எனக்கு ஒரு அண்ணன் இருந்தான். 1987 வைகாசி மாதம் அவனுக்குப் பதினொரு வயது, எனக்கு எட்டு. பள்ளிக்கூடம் லீவு. தோப்புக் கிணற்றில் பையன்கள் குதித்து விளையாடுவார்கள். அண்ணனுக்கு நீச்சல் தெரியாது. அப்பா வேலைக்குப் போகிறவர். கற்றுக் கொடுக்க ஆள் இல்லை. "நான் மேலே நின்னு வேடிக்கைதான் பார்ப்பேன். நீ அம்மாகிட்ட சொல்லாதே" என்று என்னிடம் சொல்லிவிட்டுப் போனான். நான் சொல்லவில்லை.

வேடிக்கை பார்த்தவன் எப்போது குதித்தான், ஏன் குதித்தான் என்று யாருக்கும் தெரியாது. பம்ப்செட் வந்த பிறகு அந்தக் கிணற்றில் கமலை இல்லை, கயிறும் இல்லை. கூட இருந்த சின்னப் பையன்கள் பயந்துபோய் ஊருக்குள் ஓடி வந்து சொல்லி, பெரியவர்கள் போய் எடுத்து வந்தார்கள். யாரோ அவனைத் தோளில் குப்புறப் போட்டுக்கொண்டு ஓடினார்கள். வயிற்றிலிருந்து தண்ணீர் வந்துவிட்டால் பிழைத்துவிடுவான் என்று சொன்னார்கள். பிழைக்கவில்லை.

அன்று முதல் என் அம்மா எங்களைத் தண்ணீர் இருக்கும் திசையிலேயே விடவில்லை. திருவிழாவுக்கு வைகை ஆற்றில் தண்ணீர் வந்தாலும், பாலத்தின் மேல் நின்று பார்க்க வேண்டியதுதான். அம்மாவை நான் குற்றம் சொல்ல மாட்டேன். பெற்ற வயிறு. நானோ 'சொல்லாமல் இருந்தவள்'. அதை அம்மாவிடம்கூட இன்று வரை சொன்னதில்லை.

இந்த ஏரிக்கு நான் வந்தது அது மூன்றாவது தடவை. 2003-இல் கல்யாணமான புதிதில் வந்தபோது இவர் ஆசையாகப் படகுக்கு டிக்கெட் வாங்கப் போனார். தலைவலி என்று பொய் சொன்னேன். இரண்டு பேரும் கரையில் ஒரு பெஞ்சில் உட்கார்ந்து வேர்க்கடலை சாப்பிட்டுவிட்டுத் திரும்பினோம். 2014-இல் பெரியவனுக்கு ஒன்பது வயது. இவருடைய ஊர்க் கிணற்றில் நீச்சல் பழகியிருந்தான். அப்பாவும் பிள்ளையும் படகில் போனார்கள். நான் இரண்டு வயதுச் சின்னவளை மடியில் இறுக்கிப் பிடித்துக்கொண்டு, ஏரிக்கு முதுகைக் காட்டி அதே பெஞ்சில் உட்கார்ந்திருந்தேன். அவர்கள் திரும்பி வரும்வரை சஷ்டி கவசம் எத்தனை முறை சொன்னேனோ, முருகனுக்குத்தான் தெரியும். பிக்னிக் போன இடத்திலெல்லாம், "நீங்க போங்க, நான் பையைப் பார்த்துக்கறேன்" என்பதே என் வழக்கமாகிவிட்டது. எல்லோரும் என்னைத் தியாகி என்று நினைத்துக்கொண்டார்கள்!

இரண்டாம் நாள் காலை பத்து மணி. வானம் நீலமாக இருந்தது. கோடையிலும் மத்தியானத்துக்கு மேல் அங்கே மழை பிடித்துக்கொள்ளும், அதனால் படகுக்குக் காலை நேரமே நல்லது. என் கணவரும் பெரியவனும் மிதிபடகு எடுத்தார்கள். "வாடா கண்ணு, நம்ம துடுப்புப் படகுல போவோம்" என்று மாமியார் சின்னவளைக் கூப்பிட்டார். நான் வழக்கம்போலப் பைகளை வாங்க இரண்டு கைகளையும் நீட்டிக்கொண்டு நின்றேன்.

அப்போதுதான் சின்னவள், "வேண்டாம் அப்பத்தா. எனக்குத் தண்ணின்னா பயம். நான் அம்மாகூட உட்கார்ந்து பையைப் பார்த்துக்கறேன்" என்று சொல்லி, என் கையிலிருந்த ஒரு பையை வாங்கித் தன் தோளில் மாட்டிக்கொண்டாள்.

மாமியார் விடவில்லை. "நீ எந்தத் தண்ணியில விழுந்தே பயப்படுறதுக்கு? உனக்கு யாருடி இந்தப் பயத்தைச் சொல்லிக் கொடுத்தா?" என்றார்.

அவர் என்னைப் பார்த்துக் கேட்கவில்லை. ஆனால் எனக்குச் சுரீர் என்றது. ஆறாம் வகுப்பில் பள்ளிக்கூடத்தில் நீச்சல் வகுப்புக்குச் சம்மதக் கடிதம் கேட்டிருந்தார்கள். சின்னவள் "எனக்கு வேண்டாம்மா" என்று தானாகவே சொன்னாள். அப்போது நான் உள்ளுக்குள் எவ்வளவு சந்தோஷப்பட்டேன்! 'சொன்ன பேச்சைக் கேட்கிற பிள்ளை' என்று பெருமை வேறு. நான் அவளிடம் ஒரு நாளும் "தண்ணீருக்குப் பயப்படு" என்று சொன்னதே இல்லை. அவள் கையை நான் பிடித்த பிடியே சொல்லிக் கொடுத்திருக்கிறது.

பதின்மூன்று வயதுப் பெண், தோளில் பையோடு, எனக்குப் பக்கத்தில் அந்தப் பெஞ்சில் உட்காரப் போகிறாள். நாற்பத்தாறு வயதிலும் இவள் இங்கேயே உட்கார்ந்திருப்பாளோ?

"வாடி, நானும் வரேன்" என்றேன். என் குரல் எனக்கே வேறு யாருடையதோ மாதிரி கேட்டது.

மிதக்கும் கவசத்தை எங்கள் மூன்று பேருக்கும் மாட்டிவிட்டார்கள். மார்புப் பட்டையை இறுக்கிக் கட்டியிருக்கிறதா என்று சின்னவளுடையதை நான் நாலு தடவை இழுத்துப் பார்த்தேன். படகோட்டி அறுபது வயதுப் பெரியவர், மப்ளர் கட்டியிருந்தார். கை கொடுத்து ஒவ்வொருவராக இறக்கிவிட்டார். படகு கரையை விட்டு நகர்ந்ததும் என் காலடியில் பலகை அசைந்தது. கண்ணை மூடிக்கொண்டேன்.

"கண்ணைத் தொறம்மா. காசு குடுத்திருக்கோமில்ல!" என்றார் மாமியார்.

திறந்தேன். கரையிலிருந்து பார்த்த ஏரி வேறு, உள்ளே இருந்து பார்க்கும் ஏரி வேறு. தண்ணீர் கறுப்பு இல்லை. மரங்களின் பச்சை முழுக்க அதில் படுத்திருந்தது. துடுப்பு விழும் 'சளக், சளக்' சத்தம் தவிர வேறு சத்தமில்லை. மாமியாருக்குப் பேச்சு உற்சாகம் வந்துவிட்டது. அவர் தேனி பக்கத்து வீரபாண்டிக்காரர். "நாங்கல்லாம் முல்லையாத்துல குளிச்சே வளர்ந்தவங்க. பாவாடையைக் காத்தடைச்சுக் கட்டிக்கிட்டு அக்கரைக்குப் போய் வருவோம். எங்கம்மாவும் நீந்துவா. அப்புறம் வீட்டுக்கு வீடு குழாய் வந்துச்சு, பொம்பளைங்களுக்கு ஆறும் போச்சு, நீச்சலும் போச்சு" என்றார். இருபத்திரண்டு வருஷம் ஒரே வீட்டில் இருந்தும் என் மாமியாருக்கு நீந்தத் தெரியும் என்பது எனக்கு அன்றுதான் தெரிந்தது!

ஏரியின் நடுவுக்கு வந்திருப்போம். சட்டென்று ஒரு காற்று அடித்தது. சின்னவளின் சிவப்புத் தொப்பி பறந்து தண்ணீரில் விழுந்தது. அவள் "ஐயோ!" என்று கையை நீட்டினாள். அவ்வளவுதான். நான் எழுந்து நின்று, பாய்ந்து அவள் தோளைப் பிடித்து இழுத்தேன். படகு ஒரு பக்கமாகச் சாய்ந்தது. மாமியார் "முருகா!" என்று கத்தினார். எனக்கு அந்தக் கிணறு கண்ணுக்கு முன்னால் வந்துவிட்டது.

"உட்காருங்கம்மா! மொதல்ல உட்காருங்க!" படகோட்டி அதட்டிய அதட்டலில் என் கால்கள் தானாக மடங்கின. படகு இரண்டு ஆட்டம் ஆடி நின்றது.

பெரியவர் நிதானமாகத் துடுப்பை நீட்டித் தொப்பியை எடுத்துப் பிழிந்து கொடுத்தார். பிறகு கோபமில்லாமல் சொன்னார்: "பாப்பா உட்கார்ந்த இடத்திலேருந்துதாம்மா கையை நீட்டுச்சு. அதனால படகு ஆடலே. நீங்க எந்திரிச்சு நின்னு இழுத்தீங்க பாருங்க, அதிலதான் ஆடுச்சு. பயம் இருக்கலாம், தப்பில்லை. படகுல உட்கார்ந்துகிட்டே பயப்படணும்."

எனக்கு அழுகை வந்துவிட்டது. சின்னவள் ஈரத் தொப்பியை மடியில் வைத்துக்கொண்டு என் கையைப் பிடித்துக்கொண்டாள். எவ்வளவு நேரம் அப்படிப் போனோமோ தெரியாது. கரை நெருங்கும்போது அவள் பெரியவரிடம், "தாத்தா, நான் கொஞ்சம் துடுப்புப் போடலாமா?" என்று கேட்டாள். அவர் இடம் மாறாமல், துடுப்பின் நுனியை அவள் பக்கம் கொடுத்து, தானும் பிடித்துக்கொண்டு போட வைத்தார். நான் அவள் தோளைத் தொடாமல் இருந்தேன். அது எனக்கு எவ்வளவு கஷ்டம் என்று பெண்ணைப் பெற்றவர்களுக்குத் தெரியும்.

மறுநாள் அதிகாலையில் கோக்கர்ஸ் வாக் போனோம். 1872-இல் கோக்கர் என்ற லெப்டினன்ட் மலைச் சரிவின் ஓரமாகவே அமைத்த நடைபாதை அது. சுமார் ஒரு கிலோ மீட்டர். காலையில் போனால்தான் கீழே சமவெளி தெரியும். பிறகு மஞ்சு வந்து மூடிக்கொள்ளும். கம்பித் தடுப்பைப் பிடித்துக்கொண்டு நின்றபோது, சின்னவளிடமும் பெரியவனிடமும், "உங்களுக்கு ஒரு மாமா இருந்தார்" என்று ஆரம்பித்தேன். அவன் என்னிடம் சொன்னதையும், நான் அம்மாவிடம் சொல்லாமல் இருந்ததையும் சொன்னேன். என் கணவரும் அன்றுதான் அதை முழுதாகக் கேட்டார். யாரும் எதுவும் பேசவில்லை. கடைசியில் பெரியவன், "எட்டு வயசும்மா உனக்கு" என்று மட்டும் சொன்னான். மாமியார் தன் சால்வையை எடுத்து என் மேல் போர்த்தினார்.

ஊருக்கு வந்த மறு வாரமே, எங்கள் பகுதியில் பெண்களுக்கென்று தனி நேரமும் பெண் பயிற்சியாளரும் உள்ள நீச்சல் குளத்தில் சின்னவளைச் சேர்த்தேன். "நீயும் வந்தாத்தான் நான் வருவேன்" என்றாள். எனக்கும் ஒரு நீச்சல் உடை வாங்க வேண்டியதாயிற்று. முழங்கால் வரை மூடியது கிடைக்கிறது, கூச்சப்பட வேண்டாம். மூன்று வாரத்தில் அவள் குளத்தின் ஒரு முனையிலிருந்து மறு முனைக்கு நீந்திவிட்டாள். நான் முகத்தைத் தண்ணீருக்குள் வைத்து மூச்சு விடப் பழகியிருக்கிறேன். கம்பியைப் பிடித்துக்கொண்டு கால் அடிக்கிறேன். முழங்கால் வலிகூடக் குறைந்திருக்கிறது. தண்ணீர் உடம்பின் பாரத்தைத் தாங்கிக்கொள்வதால் மூட்டுக்கு நல்ல பயிற்சி என்று டாக்டரம்மாவும் சொன்னார்.

பயிற்சியாளர் கற்றுக் கொடுத்த சில விஷயங்களை அவசியம் சொல்ல வேண்டும். உலக சுகாதார நிறுவனத்தின் மதிப்பீட்டின்படி 2021-ஆம் ஆண்டில் மட்டும் உலகம் முழுவதும் சுமார் மூன்று லட்சம் பேர் நீரில் மூழ்கி இறந்திருக்கிறார்கள். அதற்காகவே ஐ.நா. சபை ஜூலை 25-ஆம் தேதியை நீரில் மூழ்குவதைத் தடுக்கும் தினமாக அறிவித்திருக்கிறது. மூழ்குகிறவர் சினிமாவில் வருவதுபோல் கத்த மாட்டார். பெரும்பாலும் சத்தமே இருக்காது. அதனால் பிள்ளைகள் தண்ணீரில் இருக்கும்போது கைப்பேசியைப் பார்க்காதீர்கள். யாராவது தத்தளித்தால், நீச்சல் தெரியாதவர் பின்னாலேயே குதிக்கக் கூடாது. துப்பட்டா, புடவை, கயிறு, கழி எது கிடைக்கிறதோ அதை நீட்ட வேண்டும். மூடிய காலி கேன், காலிக் குடம் எறிந்தாலும் பிடித்துக்கொண்டு மிதக்கலாம். வெளியே எடுத்தவரைத் தோளில் போட்டுக் குலுக்குவதும் வயிற்றை அமுக்குவதும் தவறு. மூச்சு இல்லையென்றால் உடனே மல்லாக்கப் படுக்க வைத்து, வாயோடு வாய் வைத்து மூச்சு ஊதி, மார்பு நடுவில் அழுத்த வேண்டும். இன்னொருவர் 108-ஐக் கூப்பிட வேண்டும். இதைச் செய்முறையாக ஒரு தடவை கற்றுக்கொள்ளுங்கள். அன்று எங்கள் ஊரில் யாருக்காவது இது தெரிந்திருந்தால்... என்று நினைக்காத நாளில்லை.

லீவில் நீங்கள் மலைக்குப் போனாலும், ஏரிக்குப் போனாலும், பைகளை ஓரிடத்தில் பத்திரமாகக் கொடுத்து வைத்துவிட்டு நீங்களும் போங்கள். பையைக் காக்கவா நாம் அவ்வளவு தூரம் போகிறோம்?

ஒரு வேலை மிச்சமிருந்தது. சோழவந்தானில் இருக்கும் அம்மாவுக்குப் போன் செய்து, "சின்னவளை நீச்சல்ல சேர்த்திருக்கேம்மா" என்றேன். திட்டுவாள் என்று எதிர்பார்த்தேன். அந்தப் பக்கம் ரொம்ப நேரம் சத்தமே இல்லை. லைன் கட்டாகிவிட்டதோ என்று "அம்மா... அம்மா..." என்றேன்.

"இருக்கேன்" என்றாள். பிறகு சொன்னாள்: "தலையை நல்லாத் துவட்டிவிடு. ஈரத்தோட விடாதே."